யார் வீட்டு ஜாம்

ப்ளம்ஸ் பழம் வேகத் தொடங்கும்போது முதலில் மேலே வருவது புளிப்புத்தான். மூக்கில் ஏறிக் கண்ணோரம் தண்ணீர் கட்டவைக்கும் புளிப்பு. சீனி விழுந்து, அதன்மேல் பழனியிலிருந்து வரும் நாட்டுச்சர்க்கரையும் விழுந்து, கரண்டி கனக்க ஆரம்பித்த பிறகு அது மெல்ல இறங்கி, ஈர விறகின் புகையோடு சேர்ந்து எங்கள் வீட்டு ஓட்டுக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். ஆனி மாதத்து மழை வெளியே விடாமல் பெய்துகொண்டிருப்பதால் கதவைத் திறக்க மாட்டார்கள். அந்த வாசனைக்கும் வெளியே போக வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் என் தலைமுடியில் அது இருக்கும்.

எங்கள் வீடு கொடைக்கானல் மலையில், செண்பகனூரில், பெரிய ரோட்டுக்குக் கீழே, ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்ற வரிசை வீடுகளில் ஒன்று. பின்பக்கச் சரிவில் எங்களுக்கு ப்ளம்ஸ் மரங்கள் நின்றன. அப்பா மிஷன் தோட்டத்தில் வேலி வெட்டுவார். அம்மா ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வீட்டில் பாத்திரம் கழுவினாள். அந்த வீட்டில் வருஷா வருஷம் ஜாம் கிண்டுவார்கள். கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்துபோனால் அம்மாவைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கொடுப்பார்களாம். அப்படிப் பிடித்துக்கொண்டதுதான் எங்கள் வீட்டு ஜாம். அங்கே வெள்ளைச் சீனி மட்டும் போடுவார்கள். எங்களுக்கு ரேஷன் சீனி பத்தாது, அதனால் அம்மா நாட்டுச்சர்க்கரையைச் சேர்த்தாள். சேர்த்துப் பார்த்தபோது அதுதான் ருசி என்று அவளுக்குப் பட்டுவிட்டது. பிறகு வீட்டில் சீனி இருந்த வருஷங்களிலும் அவள் அதை விடவில்லை. பழுத்த பழத்தோடு கொஞ்சம் செங்காயையும் போடுவாள், இறுகிவர வேண்டும் என்பதற்காக. மழைக்காற்றில் குளிர வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு கிழிப்பாள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவாள்.

அந்த ஜாம் எங்கள் வரிசையைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். மாதா கோயிலில் எல்லோரும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவோம். வெளியே வந்த பிறகு எங்கள் வீட்டு டம்ளருக்கு மட்டும் யாருக்கும் தாகம் எடுக்காது. வாய் திறந்து அதைப் பற்றி எவரும் பேசியதில்லை, ஆனால் பச்சைப் பிள்ளைக்கும் அது தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் கடை முட்டாய் வாங்கி வந்தால், பாவாடை நுனியில் பொதிந்து "காக்காய்க் கடி" கடித்துத் தருவேன், எல்லோரும் கை நீட்டி வாங்கித் தின்பார்கள். அதே கையால் வீட்டிலிருந்து ஒரு பணியாரம் கொண்டுபோய் நீட்டினால் ஒருத்திக்கு வயிறு நிறைந்திருக்கும், இன்னொருத்திக்குப் பல் வலிக்கும். கடைச் சாமானுக்கு வீடு கிடையாது அல்லவா? அதனால் அது யார் கையில் இருந்தாலும் கடைச் சாமான்தான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, எழுபதுகளின் நடுவில், எங்களுக்கு அறிவியல் எடுக்க ரெஜினா மிஸ் வந்தார்கள். திண்டுக்கல் பக்கம். மலைக்குளிர் பழகாதவர்கள் என்பதால் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தலையில் மப்ளரும் கட்டிக்கொண்டுதான் பாடம் நடத்துவார்கள். ஒருநாள் திடீரென்று, "வீட்டுல செஞ்சது ருசியா, கடையில வாங்குனது ருசியா?" என்று கேட்டார்கள்.

"கடை!" என்றது வகுப்பு.

"எப்படித் தெரியும்?"

"தெரியும் மிஸ்."

"சும்மா தெரியும்னு சொன்னா அது அறிவியல் இல்ல. சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லணும். ஜாமை வச்சு சோதிப்போம். கடை டப்பா நான் வாங்கிட்டு வர்றேன். வீட்டு ஜாம் யாரு கொண்டாறதுன்னு எங்கிட்ட மட்டும் தனியா வந்து சொல்லுங்க."

ப்ளம்ஸ் மரம் நிற்கும் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் யாரையும் முந்தவிடவில்லை. மணி அடித்ததும் வராந்தாவுக்கு ஓடி, "நான் கொண்டாறேன் மிஸ்" என்றேன். மிஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மலைக்குக் கீழே இருக்கும் ஊர்களிலும் இதெல்லாம் உண்டுதானே, அவர்களுக்குப் புரியாமல் இல்லை. "சரி லூர்து. ஆனா உன் வீட்டுதுன்னு நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். சோதனைன்னா அப்படித்தான்" என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"நம்ம வீட்டுதுன்னு தெரிஞ்சா வாயில வைப்பாளுகளாடி?"

"தெரியாதும்மா. மிஸ் சொல்லவே மாட்டாங்களாம்."

"சரி. நல்லாருக்குன்னு சொல்லிட்டா?"

"சொன்னா நல்லதுதானம்மா."

"யாரு வீட்டுதுன்னு நெனச்சுக்கிட்டு நல்லாருக்கும்பாளுக?"

  அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்த அப்பாதான், "ஜாம் கிண்டிக் குடுத்து எவ பாஸானா? வெரசாச் சோத்தப் போடு, வெள்ளனே சோலிக்குப் போகணும்" என்றார். ஆனால் அந்தச் சட்டி ஜாமை அம்மா கிண்டிய விதம் வேறு. நுரையைத் திரும்பத் திரும்ப வழித்தாள். விறகைத் தள்ளக்கூட வேறு யாரையும் விடவில்லை. டீச்சரம்மா வீட்டிலிருந்து வந்த வாயகன்ற பாட்டிலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, கவிழ்த்து வைத்து, ஈரம் போன பிறகுதான் அதில் ஊற்றினாள். மறுநாள் அதைச் சேலைத் துண்டில் சுற்றி என் பைக்குள் வைத்தபோது, "ஆட்டாமக் கொண்டு போ" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. மேஜையில் இரண்டு வெள்ளைத் தட்டு. ஒன்றுக்கு "அ", இன்னொன்றுக்கு "ஆ" என்று சீட்டு. பேக்கரி ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து, "அ" தட்டில் கடை ஜாமையும் "ஆ" தட்டில் எங்கள் ஜாமையும் தடவி வைத்திருந்தார்கள். "லூர்துக்குச் சளி, அவ ருசி பாக்க வேண்டாம். போர்டுல கோடு போடட்டும்" என்று சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். தெரிந்தவள் ருசி பார்த்தால் சோதனை கெட்டுப்போகும் என்று எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

முதல் சுற்று எங்களுக்குப் படுதோல்வி. கடை ஜாம் ரத்தினக்கல் போலச் சிவந்து மினுங்கியது. எங்களுடையது நாட்டுச்சர்க்கரையால் பழுப்பேறி மங்கலாக இருந்தது. "சேறு மாதிரி இருக்குடி" என்று முன் பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். அது போதும், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எல்லோரும் "அ", "அ" என்றே சொன்னார்கள். திரும்பிப் பார்க்காமல் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன்.

மிஸ் எல்லாக் கோட்டையும் அழிக்கச் சொன்னார்கள். "உங்க கண்ணுதான் ருசி பாத்திருக்கு. மப்ளரைக் கழட்டுங்க, கண்ணைக் கட்டுங்க."

அந்த மலையில் மப்ளர் இல்லாத பிள்ளை கிடையாது. மழையில் நனைந்த கம்பளி வாடையோடு வகுப்பே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. இதில் ஒரு கூத்து நடந்தது. முதல் துண்டைத் தின்றதும் வாய் கழுவ ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் ஏற்பாடு. டம்ளர் ஒன்றுதான். உதட்டில் வைத்துக் குடிப்பது எங்களில் ஒருவருக்கும் பழக்கமில்லை, அண்ணாந்துதான் ஊற்றுவோம். கண் தெரியாமல் அண்ணாந்து ஊற்றினால் என்ன ஆகும்? ஒருத்திக்கு மூக்கில், ஒருத்திக்குக் கழுத்து வழியாக ஸ்வெட்டருக்குள். "ஐயோ மிஸ், பச்சத் தண்ணி!" என்று கத்தலும் சிரிப்பும். கடைசியில் மிஸ் தலையில் அடித்துக்கொண்டு, தண்ணீர் வேண்டாம், நடுவில் வெறும் ரொட்டி தின்றால் போதும் என்று சொல்லி, தானே ஒவ்வொருத்தி வாயிலும் முதலில் கடைத் துண்டையும் பிறகு எங்கள் துண்டையும் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் சொல்ல வேண்டிய இடம் இதுதான். முதல் பெஞ்சு முதல் பிள்ளை, எங்கள் ஜாமைச் சேறு என்றவள், இரண்டையும் தின்றுவிட்டு நாக்கைச் சப்பிக்கொண்டு, "ரெண்டாவது" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். ஒருத்தி, "ரெண்டாவதை இன்னொருக்கா குடுங்க மிஸ், சரியாத் தெரியல" என்று வாயைத் திறந்தபடி இருந்தாள். என் பெஞ்சுக்காரி ராஜாத்தி, கவுஞ்சி ஊரில் பூண்டு பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை, படிப்புக்காகச் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தவள், தின்று முடித்துவிட்டு, "இது யாரு வீட்டு அடுப்புல வெந்துச்சோ, அந்த வீட்டுக்கு என்னய மருமகளா அனுப்பிருங்க" என்றாள். கடை ஜாம்தான் நல்லது என்று கண்ணைக் கட்டிக்கொண்டும் சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள். அது அவர்கள் நாக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் "ஆ"வுக்குக் கீழே கோடுகள் இடம் கொள்ளாமல் அடுத்த வரிக்கு இறங்கின. அத்தனை கோட்டையும் போட்டது என் கை.

மப்ளர்களை அவிழ்த்தார்கள். மிஸ் கடை டப்பாவை உயர்த்திக் காட்டி, "அ இது. ஆ நம்ம வகுப்புல ஒருத்தி வீட்டுல செஞ்சது" என்றதுமே வகுப்பு மொத்தமும் ஸ்டெல்லா பக்கம் திரும்பியது. ஸ்டெல்லாவின் அம்மா ஏரிப்பக்கம் ஒரு விடுதியில் சமையல்காரர். கேக் சுடுவதில் பேர் வாங்கியவர். "அதான பாத்தேன்! ஸ்டெல்லா அம்மா கைப்பக்குவம்னா சும்மாவா?" "நாளைக்கு எனக்கு ஒரு பாட்டிலுடி!" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஸ்டெல்லா கெட்டவள் இல்லை. ஆனால் தானாக வந்து மடியில் விழுகிற பாராட்டை வேண்டாமென்று தள்ள எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் ஜன்னலைப் பார்த்தார்கள். அம்மா அடுப்படியில் கேட்டது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், நுரை வழித்தது, பாட்டிலைக் கவிழ்த்து வைத்தது எல்லாம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்விடும். போன பிறகு கேட்டால் கிடைக்காது.

"அது ஸ்டெல்லா வீட்டுது இல்ல" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எங்க வீட்டுது. எங்க அம்மா கிண்டுனது. எங்க அம்மா பேரு சவரியம்மா."

 பிறகு பின் பெஞ்சில் மூன்று பேர் எழுந்து, அனுமதிகூடக் கேட்காமல், வராந்தாக் குழாய்க்குப் போனார்கள். கொப்பளிக்கும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்போது ராஜாத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏய், கொப்பளிச்சா வாயத்தாண்டி கழுவலாம். உள்ள போனத எந்தக் குழாயில கழுவுவீங்க?" என்று கேட்டாளே பார்க்கலாம், வகுப்பு சிரித்துவிட்டது. அப்படிச் சொன்னவளும் எங்கள் பெஞ்சில் என் இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தாள். அதையும் நான் பார்த்தேன்.

கொப்பளித்துவிட்டு வந்த மூவரில் ஒருத்தி நேராக மேஜைக்கு வந்தாள். "மிஸ், என் கோட்டை அழிச்சிருங்க. அந்தப் பக்கம் போட்டுக்கங்க."

மிஸ் டஸ்டரைத் தேடினார்கள். அழிக்கத்தான் தேடினார்களா, கைக்கு ஏதாவது வேண்டுமென்று தேடினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டஸ்டர் என்னிடம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். மிஸ் என்னைப் பார்த்தார்கள், அந்தப் பிள்ளையைப் பார்த்தார்கள். "சோதனை முடிஞ்சிருச்சும்மா. போய் உக்காரு" என்றார்கள். மணியும் அடித்தது. சனி, ஞாயிறு முழுக்க அந்தக் கோடுகள் அழியாமல் அங்கேயே இருந்தன.

வராந்தாவில் மிஸ் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "உனக்காகத்தானடி மறைச்சேன்" என்றார்கள். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"தெரியும் மிஸ். மறைச்சா எங்கம்மா ஜெயிச்சது எங்கம்மாவுக்கு இல்லாமப் போயிருமே மிஸ்."

மிஸ் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன், கொப்பளித்ததையும் சேர்த்து. "ஏண்டி வாயத் திறந்த?" என்று கரண்டியை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தக் கவுஞ்சிப் புள்ள எந்தப் பக்கம் சொல்லுச்சு?" என்றாள்.

"நம்ம பக்கந்தான்."

"கொப்பளிச்சவளுக?"

"அவளுக கோடும் நம்ம பக்கந்தாம்மா கெடக்கு."

"அப்பச் சரி" என்றாள் அம்மா. அன்றைக்கு ராத்திரி எல்லோர் தட்டிலும் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி ஜாம் வைத்தாள். அப்பா தட்டை வழித்துத் தின்றார்.

அடுத்த வாரம் ராஜாத்தியை அவள் சித்தப்பா சொல்லி வேறு பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் மதிய மணி அடித்ததும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியில் வந்து நிற்பாள். "இன்னிக்கு சோதனை இல்லையாடி?" என்று கேட்டுக் கண்ணை இறுக்க மூடி, வாயை ஆவென்று திறப்பாள். கண்ணை மூடிக்கொண்டால் யார் வீட்டுது என்று தெரியாதாம்; வீட்டில் கேட்டால் தெரியாது என்று சத்தியம் பண்ணலாமாம். முதலில் எனக்கும் சிரிப்பாக இருந்தது, ஊட்டிவிட்டேன். பிறகு ஒருநாள் ரொட்டியை நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"கண்ணத் தெற. அப்பத்தான் தருவேன்."

"சித்தப்பா கொன்னுபுடுவாருடி."

"அப்பக் கடையில போய் வாங்கித் தின்னு."

 வாய் திறந்தே இருந்தது. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, ரொட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, "சவரியம்மா ஜாமுதான? வை" என்றாள்.

மறு வருஷம் அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதால் என் படிப்பு அதோடு நின்றது. ரெஜினா மிஸ்ஸும் மாற்றலாகிப் போனார்கள். எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி வட்டக்கானலுக்கு வந்தேன். ராஜாத்தி கவுஞ்சிக்கே வாக்கப்பட்டாள்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடக் கட்டடம் இல்லை. வரிசை வீடுகள் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எங்கள் ப்ளம்ஸ் மரங்களை வெட்டி வெகுகாலம் ஆகிறது. ஆனால் கொடைக்கானலில் எந்தக் கடையைப் பார்த்தாலும் "ஹோம்மேட்" என்று போர்டு தொங்குகிறது. சாக்லேட் ஹோம்மேட், ஊறுகாய் ஹோம்மேட், ஜாம் ஹோம்மேட். யார் வீடு என்று வாங்குகிறவர்களும் கேட்பதில்லை, விற்கிறவர்களும் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் முகத்தைச் சுளிக்கக் கேட்ட கேள்வி அது, ஒழிந்தது நல்லதுதான். ஆனால் பாராட்டுவதற்காகக் கேட்பதும் அதோடு சேர்ந்து ஒழிந்துபோயிற்று.

பழக் காலத்தில் நான் இன்னும் ஜாம் கிண்டி எங்கள் ஊர்க் கடையில் வைக்கிறேன். "ஹோம்மேட்னு ஒட்டுனாப் போதும்க்கா, டூரிஸ்ட்டுக்குப் பேரெல்லாம் எதுக்கு?" என்று கடைக்காரம்மா முதலில் சொன்னார். பேர் இல்லாவிட்டால் பாட்டிலும் இல்லை என்று தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். வளைவு தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் என் கையாலேயே எழுதி ஒட்டுகிறேன். எழுத்து கோணித்தான் வரும், பெரிசும் சிறிசுமாக இருக்கும், ஆனாலும் சவரியம்மா என்று வாசிக்க முடியாதபடி ஒன்றுகூட இருக்காது. தின்று பார்த்துவிட்டு இது யாருங்க என்று கேட்கிறவர்கள் உண்டு. கடைக்காரம்மா வெளியே வந்து, மேட்டில் தெரியும் என் வீட்டைக் கை காட்டி, "அந்தா, அந்த வீட்டுதுங்க" என்கிறார்.